பிழையே இல்லாத ரத்த வங்கி

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததெல்லாம் ஒரு சாதனையா? ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் கணினித் தேடலை ஒன்பது நொடியிலிருந்து அரை நொடிக்கு இறக்கினாரே ஒருவர், அதுவல்லவா சாதனை! அந்த மகானை ஊழியர்கள் ‘அரைநொடியார்’ என்றே அழைத்தார்கள், அவர் காதில் விழாதபடி.

அங்கே ரத்தப் பைகள் நான்கு குளிர்பெட்டிகளில் இருந்தன. நான்காவதின் பட்டியலில் மட்டும் ஏதோ கோளாறு. கணினி அதோடு முட்டி மோதிப் பார்த்துவிட்டு, ‘நான்காம் பட்டியலைப் படிக்க முடியவில்லை’ என்று சிவப்பு எழுத்தில் அழும். நிர்வாகிக்கு அது ஆகவே ஆகாது.

“ஆய்வுக் குழு வர்றப்போ திரை பூரா சிவப்பா இருந்தா என் மானம் என்னாகுறது?”

அரைநொடியார் ஒரே வாரத்தில் தேடலைச் ‘செம்மைப்படுத்தி’னார். படிக்க முடியாததைத் தேடாதே. தேடாததை ‘இல்லை’ என்று சொல். அவ்வளவுதான். வேகம் பறந்தது, பிழை அறிக்கை வெள்ளைத் தாளாயிற்று.

மூன்று மாதம் கழித்துப் பாராட்டுக் கூட்டம். அரைநொடியார் தன் அக்காவை அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். கேடயத்தை வாங்கும்போது அத்தானின் போன்.

“மாப்ளே, அக்காவுக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்குது! அவ குரூப் ரத்தம் இல்லைங்கறாங்க!”

“எவ்வளவு நேரத்துல சொன்னாங்க அத்தான்?”

“கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சொல்லிட்டாங்கப்பா!”

ஒரு கணம், வெட்கக்கேடு, அவர் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கணம் நான்காம் பெட்டி நினைவுக்கு வந்தது. கேடயத்தோடே ஓடினார்.

ரத்த வங்கி ஊழியர் நிதானமாகத் திரையைக் காட்டினார். “இல்லைங்க சார். பாருங்க, பிழைன்னு ஒண்ணுகூட இல்ல.”

“நாலாம் பெட்டியத் திறந்து பாத்தீங்களா?”

“அதை எதுக்கு சார் திறக்கணும்? முன்னல்லாம் சிவப்பு எழுத்து வரும், எழுந்து போய்க் கையால தேடுவேன். இப்பதான் அது வர்றதே இல்லையே! முட்டிவலிக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நீங்க நல்லா இருக்கணும்.”

அரைநொடியார் கேடயத்தைத் தரையில் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தார். அக்காவின் குரூப்பில் மூன்று பைகள் இருந்தன. ஊழியர் முட்டிவலியை மறந்து அவற்றோடு ஓடினார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். சேதி கேட்டு அரைநொடியார் அங்கேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். திரும்பி வந்த ஊழியர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், மூணு மாசமா இதைப் பாத்துதான் ‘இல்லை’ன்னு ஆளுங்களைத் திருப்பி அனுப்பிட்டிருக்கேன். அதுல எத்தனை பேருக்கு நாலாம் பெட்டியில ரத்தம் இருந்துச்சு?”

அரைநொடியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கணினியில் தட்டினார்.

கணினி கொஞ்சமும் தயங்கவில்லை.

‘ஒருவருமில்லை.’