கை சரியாகிவிட்டது, கிட்னி வேண்டாம்

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேசவிடமாட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கிட்னி எனக்குப் பொருந்தும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து நீ கொடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாய். வேண்டாம். டயாலிசிஸ் எனக்குப் பழகிவிட்டது. வாரம் மூன்று நாள் போய்ப் படுக்கிறேன், மெஷின் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பித் தருகிறது, எழுந்து வீட்டுக்கு வருகிறேன். நடுவில் கையில் ஒரு சின்னக் கோளாறு. அதையும் சரி செய்தாகிவிட்டது. யாராவது உன்னிடம் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வதற்குள் (அந்த யாராவது உன் அண்ணிதான்) நானே சொல்லிவிடுகிறேன்.

என் இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். டயாலிசிஸ் ஊசிக்கு அதுதான் வழி. அது நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க மேலே விரலை வைத்தால் போதும். சுகமாகப் படுத்திருக்கும் பூனையின் வயிற்றில் குர்குர் என்று இருக்குமே, அப்படி அதிரும். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பது உன் அண்ணியின் வேலை. நானே பார்க்கலாம்தான், ஆனால் "உங்களுக்கு எதைத் தொட்டாலும் எல்லாம் சரியா இருக்குன்னுதான் வரும்" என்று அந்த உரிமையை அவள் பிடுங்கிக்கொண்டாள். போன வாரம் உன் கிட்னியை வைத்து எங்களுக்குள் பெரிய சண்டை. "தங்கச்சி தானா குடுக்கறா, வாங்கிக்க உங்களுக்கு என்ன கேடு?" என்றாள். "அது என்ன ஒரு டம்ளர் சர்க்கரையா, போய் வாங்கிட்டு வர?" என்றேன். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. சாப்பாடு மேஜைக்கு வந்தது, மாத்திரை வந்தது, அவள் விரல் மட்டும் வரவில்லை. அவளே வந்து கேட்கட்டும் என்று நானும் முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வீம்பில் நானே தொட்டுப் பார்க்கவும் இல்லை.

டயாலிசிஸ் அறையில் நர்ஸ் கையைத் தொட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "சார், வீட்ல யாரும் கையப் பாக்கலியா? அதிர்வே சரியா இல்லியே" என்றாள். மெஷின் வேறு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூவியது. நான் துணைக்கு வந்திருந்த உன் அண்ணியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். குழாய் ஓரிடத்தில் சுருங்கிவிட்டதாம். ரத்தம் உறைந்து முழுக்க அடைத்துக்கொண்டால் கையே வீணாகி, கழுத்தில் குழாய் போட வேண்டி வருமாம். மறுநாளே, பலூன் வைத்துக் குழாயை விரிக்கும் டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள்.

கத்தி கிடையாது, மயக்கம் கிடையாது. கை மரத்துப்போக ஓர் ஊசி போட்டுவிட்டு, மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு, சாயம் செலுத்தி, திரையைப் பார்த்தபடியே அதை நகர்த்திக்கொண்டு போகிறார் டாக்டர். நானோ டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே காலம் தள்ளியவன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், எனக்கு ஆபரேஷன் மேஜை மட்டும். திரையில் குழாய் திரும்பியதும் "மெதுவா, வளைவு வருது" என்றேன். "பாத்துட்டேன் சார்" என்றார். சுருங்கிய இடம் வந்ததும் "இதுல நுழையாது, ரிவர்ஸ் எடுங்க" என்றேன். வாயோடு போயிருந்தால் பரவாயில்லை, வலது கால் தானாகப் பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தது. கால்மாட்டில் இருந்த கிண்ணம் ஒன்று தரையில் விழுந்து அறை முழுக்க உருண்டது. நர்ஸ் ஓடிவந்து என் இரண்டு கால்களையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சார், இந்த வண்டிய நான் ஓட்டறேன். நீங்க சும்மா கூட வாங்க, போதும்" என்றார் டாக்டர். என் பிழைப்பில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

சுருங்கிய இடத்தில் ஒரு குட்டிப் பலூனை வைத்து ஊதினார். பலூன் இரண்டு பக்கமும் உப்பி, நடுவில் மட்டும் கயிறு கட்டியதுபோல் விரிய மறுத்தது. இன்னும் ஊதினார். வலி உயிர் போயிற்று. நான் கத்தவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் வெளியே பெஞ்சில் இருந்த உன் அண்ணிக்குக் கேட்டிருக்கிறது. பிறகு சட்டென்று நடுப்பகுதியும் விரிந்தது, எல்லாம் முடிந்தது. வெளியே வந்ததும் உன் அண்ணி ஒரு வார்த்தை கேட்காமல் கட்டுக்குச் சற்று மேலே விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "ஓடுது" என்றாள். சண்டைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே, கை ஜம்மென்று ஓடுகிறது, கவலைப்பட ஒன்றும் இல்லை. உன் கிட்னி உன்னிடமே நல்லபடியாக இருக்கட்டும். இனி அந்தப் பேச்சையே எடுக்காதே. பிள்ளைகளுக்கு என் ஆசி. மாப்பிள்ளைக்கு என் அன்பு. வண்டி ஓட்டும்போது அவர் போன் பேசுவதாகக் கேள்வி. நான் கண்டித்ததாகச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன்

பி.கு.: கட்டுப் போடும்போது டாக்டரிடம் ஒன்று கேட்டேன், "இது எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?" என்று. "திரும்பச் சுருங்கலாம் சார். சுருங்கச் சுருங்க விரிச்சு விடுவோம், கை தாங்கற வரைக்கும்" என்றார். மேலே இதை எழுதாமல் விட்டுவிட்டேன். உன் அண்ணியிடமும் சொல்லவில்லை. எனக்காக நீ மேஜையில் படுத்து உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில்தான் இவ்வளவு நாள் வேண்டாம் வேண்டாம் என்றேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் எனக்குச் சாகவும் பயமாக இருக்கிறது வாலு. இன்னும் கொஞ்ச காலம் உங்களோடெல்லாம் இருக்க ஆசையாக இருக்கிறது. சின்ன வயதிலிருந்து உனக்குக் கொடுத்தே பழகிவிட்டேன், உன்னிடம் கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடு. எனக்கு உன் கிட்னி வேண்டும். தருகிறாயா?