ஸ்கேனருக்குச் சந்தனம் வைத்த வெள்ளிக்கிழமை

மென்பொருள் திட்டங்கள் ஏன் தோற்கின்றன என்று பேச என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். நானும் திட்டமிடல், பயிற்சி, தகவல் தொடர்பு என்று ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு, பொன்னாடையும் வாங்கிக்கொண்டு வருவேன். ஆனால் என் முதல் திட்டம் கவிழப் பார்த்த காரணத்தை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை. காரணம், கட்டைவிரல் அளவு சந்தனம். வைத்தவள் நான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கணியூரிலிருந்து திருப்பூருக்கு வந்து, மூன்றே பேர் இருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். (மற்ற இருவரும் பங்குதாரர்கள். ஆக, தொழிலாளர் வர்க்கம் முழுவதும் நானே.) ஊரின் ஒரு கோடியில், நெருப்பெரிச்சல் பகுதியில் இருந்த ஒரு பனியன் கம்பெனி எங்களை நம்பி வேலை கொடுத்தது. தைத்து முடித்த டி-ஷர்ட் கட்டுகள் ஒவ்வொரு தையல் லைனின் முடிவிலும் நான் நிறுத்திய ஸ்கேனருக்கு முன்னால் போக வேண்டும். கட்டோடு தொங்கும் சீட்டை அது படிக்கும். எத்தனை முடிந்தது என்று முதலாளியின் அறைத் திரையில் எண் ஓடும். இது ஒழுங்காக நடந்தால், வருடம் முழுவதற்குமான ஆர்டரை இந்தக் கம்பெனிக்கே தருவதாக சரக்கு வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர் சொல்லியிருந்தார். சொதப்பினால் ஆர்டரும் போகும், என் வேலையும் போகும்.

நான்கு மாதம் ராப்பகலாக உழைத்தேன். எங்கே? முதலாளியின் ஏசி அறையில். தையல் தளத்துக்கு நான் போனது ஸ்கேனர்களை மாட்டவும், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பகுதியில் இருந்த எஸ்தருக்குப் புத்தி சொல்லவும்தான். எஸ்தருக்கும் என் வயதுதான், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கட்டு தன் மேஜைக்கு வந்ததும் சீட்டைக் கழற்றி ஒரு கம்பியில் குத்தி வைப்பாள். நாளைக்கு ஏதாவது தையல் பிரிந்து வந்தால் எந்த லைனில் தைத்தது என்று காட்ட வேண்டுமாம்.

"இனிமேல் கம்பியெல்லாம் வேண்டாங்க. எல்லாம் சிஸ்டத்துலயே இருக்கும். சீட்டைக் குப்பையில போட்டுருங்க" என்றேன்.

"சரி மேடம்" என்றாள். அந்தச் சரியில் ஒரு துளி சம்மதமும் இல்லை.

தொடக்க நாள் வெள்ளிக்கிழமை. வாரா வாரம் அன்று காலையில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்துப் பூஜை போட்ட பிறகுதான் அங்கே வேலை தொடங்கும். முதலாளி என்னிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

"கண்ணு, உன்ற மிசினுக்கும் வெச்சுரு."

உருகிப்போனேன். தையல் மெஷினுக்கு நெற்றி எது என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்கேனருக்கு? கறுப்புப் பெட்டியின் நடுவில் பளபளவென்று ஒரு கண்ணாடி வட்டம் இருந்தது. அதைவிட லட்சணமான இடம் எனக்குத் தெரியவில்லை. நான்கு ஸ்கேனருக்கும் தாராளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமமும் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன். (நான் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பில் தேறியவள் என்பதை இங்கே பணிவுடன் குறிப்பிடுகிறேன்.)

மெஷின்கள் இரைந்தன. கட்டுகள் நகர்ந்தன. சீட்டைப் படித்தால் ஸ்கேனர் 'பீப்' அடிக்கும். வேலை செய்பவர்களின் கவனம் சிதறும் என்று அதை நானே நிறுத்தியிருந்தேன். (யாராவது கேட்டார்களா? இல்லை.) போதாததற்கு, ஒரு மணி நேரம் எண் ஓடாவிட்டால் 'உற்பத்தி நின்றுவிட்டது' என்று பையரின் ஆபீஸுக்குத் தானாகச் செய்தி போகும்படியும் செய்துவைத்திருந்தேன். அது மட்டும் பிசகாமல் வேலை செய்தது.

ஸ்ட்ரைக்கா என்று கேட்டு போன் வந்தது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தளத்துக்கு ஓடினார். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"அத்தன மிசினும் ஓடுது! ஏங் கண்ணு, இருவது வருசமாச் சேத்த பேரு, உன்ற கம்ப்யூட்டரு ஒரு காலையில கெடுத்துப்போடும் போலிருக்குது. நாலு மணிக்கு அவுங்க ஆளு நேர்ல வாராராமா!"

நெட்வொர்க்கைத் திட்டினேன். சர்வரைத் திட்டினேன். மின்வாரியத்தையும் விடவில்லை. மதியம் ஒரு மணிக்கு, ஒயரைத் தேடி லைனுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது எஸ்தரின் குரல் கேட்டது.

"மேடம், அது மூஞ்சி பூரா சந்தனத்த அப்பிட்டிய. பெறவு அது எப்படிப் பாக்கும்?"

தலையை நிமிர்த்தியதில் மேஜையில் இடித்துக்கொண்டேன். "காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல?"

"சாமி காரியம்லா? நான் சர்ச்சுக்குப் போறவ, என்னத்தச் சொல்ல? அதுவும் போக, நீங்க இன்ஜினியரு. தெரிஞ்சுதான் வச்சிருப்பியன்னு நெனச்சேன்."

மண்டையில் இடித்ததைவிட இதுதான் அதிகம் வலித்தது. பனியன் வேஸ்ட் துணியால் கண்ணாடிகளைத் துடைத்தேன். ஆனால் காலையில் தைத்ததெல்லாம் பேக்கிங் பகுதியில் பெட்டிக்குள் போயிருந்தது. அந்தக் கணக்குக்கு எங்கே போவேன்? எஸ்தர் தன் மேஜைக்கு அடியிலிருந்து கம்பியை எடுத்து நீட்டினாள். காலைச் சீட்டுகள் அத்தனையும் அதில் இருந்தன.

"குப்பையில போடச் சொன்னிய. மனசு வரல."

சத்தத்தைத் திரும்பப் போட்டேன். அவள் சீட்டை உருவ உருவ, நான் ஸ்கேனருக்குக் காட்டினேன். பீப், பீப், பீப். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. நான்கு மணிக்கு வந்த பையரின் ஆள் திரையைப் பார்த்தார். நம்பாமல் பெட்டிகளைப் பிரித்து எண்ணச் சொன்னார். ஒரு டி-ஷர்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆர்டர் எங்களுக்கே வந்தது. எஸ்தரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, ஏசி அறையிலிருந்த திரையை எஸ்தரின் மேஜைக்கு மாற்றினேன். கம்பியும் அங்கேயே இருந்தது. இன்று அந்த மென்பொருள் ஊரின் மறுகோடி வீரபாண்டி வரை ஓடுகிறது. நிறுவனம் என்னுடையது. புதிதாக எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் திறக்க மாட்டோம். எங்கள் திட்டத் தலைவி செக்கிங் மேஜையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாள். அந்தத் தலைவி எஸ்தர்தான்.

போன வருடம் கார் வாங்கினோம். நான் பூஜைத் தட்டை எடுத்ததுமே என் கணவர் ஓடிப்போய்ப் பின்பக்கக் கேமராவை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். எங்கள் ஆபீஸிலும் வெள்ளிக்கிழமை பூஜை உண்டு. எஸ்தர் அதில் கலந்துகொள்வதில்லை. ஆனால் தீபாராதனை முடியும்வரை வாசலிலேயே நிற்பாள், சந்தனக் கிண்ணத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு.

"மேடம், நீங்க கும்பிட மட்டும் செய்யுங்க."