எங்கள் கூரைக்கு அடியில் துப்பாக்கி இல்லை

துப்பாக்கி ஒப்படைக்கும் கமிட்டிக்கு என் கணவர் ரெஜெப்பைத் தலைவராக்கிவிட்டார்கள் என்று கேட்டதுமே நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலைவரானதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு துப்பாக்கி இருந்தது, அதுதான் விஷயம். அதன் மேல்தான் நான் இரண்டு வருடமாகத் தூங்கினேன். தூங்கினேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவர் குறட்டை விடும்போதெல்லாம் கட்டில் ஆடும். கட்டில் ஆடினால் அது ஆடும். அது ஆடினால் என் நெஞ்சு ஆடும்.

தொண்ணூற்றேழில் சீட்டுக் கம்பெனிகள் கவிழ்ந்து பணம் போன கோபத்தில் அல்பேனியா முழுக்க ஜனங்கள் ராணுவக் கிடங்குகளை உடைத்துத் திறந்தார்கள். எங்கள் ஊர் ஆண்களும் ஓடினார்கள். ஒருவர் போர்வை கொண்டுவந்தார். ஒருவர் பூட்ஸ் கொண்டுவந்தார், இரண்டும் இடது கால். என் கணவர் ஒரு கலாஷ்னிகோவும் ஒரு டப்பா தோட்டாவும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அங்க ஒரு வாளி கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"நாடே பத்தி எரியுது, இவ வாளி கேக்குறா."

"பத்தி எரிஞ்சா வாளிதானே வேணும்?"

எனக்கு வாளிதான் கவலை. எங்கள் ஊரில் தண்ணீர் கிடையாது. மேல் ஊற்றுக்கு ஏறி, இரண்டு வாளியோடு இறங்கி வர முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று நடை. என் முட்டி இரண்டும் படியில் ஏறும்போது பேசும். இறங்கும்போது சண்டை போடும்.

வெளிநாட்டு ஆட்கள் வெள்ளை வண்டியில் வந்து சொன்னது இதுதான்: சுடக்கூடிய துப்பாக்கி எண்பது சேர்ந்தால் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்டுத் தருவோம். வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூட முற்றத்தில் வண்டி நிற்கும். சாக்கில் கட்டிக் கொடுக்கலாம், பேர் கேட்கமாட்டோம்.

என் கணவர் பேசினார் பாருங்கள். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க தண்ணி சுமந்து சுமந்து கூனிப் போறாங்க. ஒரு இரும்புக் குழாயைக் குடுத்து இன்னொரு இரும்புக் குழாயை வாங்குங்க" என்று மேசை மேல் ஏறி நின்று பேசினார். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து அதற்கு எண்ணெய் போட்டார்.

"என்னங்க, நீங்க எப்போ குடுக்கப் போறீங்க?"

"ஊர்ல எண்பது இருக்காதா? என்னோடது எதுக்கு?"

"எல்லாரும் அப்படியே நினைச்சா?"

"அதுக்குத்தானே நான் பேசுறேன். அவங்க அப்படி நினைக்கக் கூடாதுன்னு."

கேலியாகச் சொல்கிறேன், ஆனால் அவர் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்த வருடம் கொள்ளைக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, துப்பாக்கியைக் காட்டி, பயணிகளின் கடிகாரத்தையும் செருப்பையும் பிடுங்கிக்கொண்டார்கள். என் கணவர் பதினோரு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து வந்தார். மறுநாள்தான் கிடங்குக்கு ஓடினார். "இது வந்த பிறகு எவனாவது நம்ம வாசலுக்கு வந்தானா?" என்று கேட்பார். அதற்கு முன்னாலும் யாரும் வந்ததில்லை. ஆனால் காலில் கொப்புளம் வந்த மனிதரிடம் கணக்குப் பேசக் கூடாது.

முதல் வாரம் வந்ததெல்லாம் குப்பை. பூட்டனார் காலத்துத் துப்பாக்கி, கட்டை இல்லாத துப்பாக்கி, துப்பாக்கி இல்லாத கட்டை. பிறகு கொஞ்சம் நல்லதும் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் இருந்ததே ஒன்று. கரும்பலகையில் எழுபத்தெட்டு என்று எழுதினார்கள். அதோடு நின்றுவிட்டது. மூன்று வியாழக்கிழமை எழுபத்தெட்டு. அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்கு முட்டி வலித்தது.

வெளிநாட்டுக்காரர்கள் குழம்பிப் போனார்கள். கடைசியில் ஊர்க்காரர் ஒருவர் யோசனை சொன்னார். வீட்டுக்கு ஒரு ஆண் வந்து, ரொட்டி மேல் கை வைத்து, "என் கூரைக்கு அடியில் என் துப்பாக்கி இல்லை" என்று சொல்லட்டும். எங்கள் ஊரில் ரொட்டி மேல் கை வைத்துப் பொய் சொல்கிற ஆண் பிறக்கவில்லை.

அன்று மாலை என் கணவருக்குச் சோளரொட்டி இறங்கவில்லை. மோர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். பக்கத்து வீடு என்றால் பர்தில் வீடு. இருவரும் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள், ஒன்றாக மீசை வளர்த்தவர்கள். திரும்பி வரும்போது அவர் கையில் போர்வை சுற்றிய நீளமான பொருள் ஒன்று இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்ததை எடுத்துக் கோணியில் சுற்றி வெளியே கொண்டுபோனார். போர்வை அது இருந்த இடத்துக்குப் போனது.

"இது என்ன?"

"பர்திலோடது. நம்பி வச்சிருக்கான். என்னோடது அவன் வீட்டுல. ஒருத்தருக்கொருத்தர் வாக்குக் குடுத்திருக்கோம்."

"அப்போ ரொட்டி?"

"என் கூரைக்கு அடியில என் துப்பாக்கி இல்லைல்ல?" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

வாக்கு என்றால் எங்கள் ஊரில் தலை போனாலும் காக்க வேண்டும். ஒருவன் நம்பி ஒப்படைத்ததைத் தொலைத்தவன் காபிக் கடையில் உட்கார முடியாது. அவனுக்கு யாரும் காபி ஊற்றமாட்டார்கள்.

அன்று ராத்திரி ஊர் முழுக்க இப்படித்தான் போர்வைகள் வீடு மாறியிருக்கும். மறுநாள் எல்லா ஆண்களும் ரொட்டி மேல் கை வைத்தார்கள். அந்த ரொட்டி நான் சுட்டது. கரும்பலகை எழுபத்தெட்டிலேயே இருந்தது.

பர்தில் மனைவி நஸ்மியேவை ஊற்றில் பார்த்தேன். என்னைவிட ஐந்து வயது இளையவள், ஐம்பது மடங்கு தைரியசாலி. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உங்க வீட்டு மாமா எங்க வீட்டுல எதையோ வச்சிட்டுப் போயிருக்காரு. மாவுத்தொட்டிக்குப் பின்னாடி."

"எங்க கட்டிலுக்கு அடியில உங்க வீட்டுக்காரர் வச்சிருக்காரு."

"ரெண்டும் சேர்ந்தா எண்பது."

"வேணாம் நஸ்மியே. புருஷன் பொருளை எடுத்துக் குடுக்கிறது பாவம்."

"யாரு புருஷன் பொருளை எடுக்கச் சொன்னா? நான் உங்க புருஷன் பொருளைக் குடுக்கிறேன். நீங்க என் புருஷன் பொருளைக் குடுங்க."

"நம்பி வச்சிருக்காங்களே. வாக்கு இருக்கே."

"யாரு யாருக்குக் குடுத்தாங்க?"

"இவரு அவருக்கு. அவரு இவருக்கு."

"நம்மகிட்ட யாராவது கேட்டாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. ரொட்டி சுடச் சொன்னார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் நான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே இறங்கினேன். பாதித் தண்ணீர் காலில் கொட்டியது. வீட்டு வாசலில் வாளியை இறக்கிப் பார்த்தேன், மறுபடி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் என் பாவ பயம் தீர்ந்தது.

வியாழக்கிழமை முற்றத்தில் என் கணவர் புதுத் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். சாக்கை வாங்கி வண்டியில் ஏற்றுவது அவரும் பர்திலும்தான். முதலில் நஸ்மியே வந்தாள், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல.

என் கணவர் இரண்டு கையாலும் வாங்கினார். "பாருங்கய்யா. ஆம்பளைங்க ஒளிச்சு வைக்கிறீங்க. ஒரு பொம்பளை எவ்வளவு தைரியமா கொண்டு வந்திருக்கா. கை தட்டுங்க" என்றார். கூட்டம் தட்டியது. தன் துப்பாக்கி இருந்த சாக்கைத் தானே தூக்கி, தூசி தட்டி, பத்திரமாக வண்டிக்குள் வைத்தார். பர்தில் முகம் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. சாக்கில் யாருடையது இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமே.

அடுத்து நான். சாக்கைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் என் கணவரின் கை தட்டல் பாதியில் நின்றது. பர்தில்தான் வந்து வாங்கிக்கொண்டார். வெளுத்த முகத்தோடு வாங்கினார், என்ன ஏது என்று பார்க்கும் நிலையில் அவர் இல்லை. வண்டியில் போட்டுவிட்டு என் கணவர் கண்ணைப் பார்க்காமல் தள்ளி நின்றார். என் கணவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

கரும்பலகையில் எண்பது என்று எழுதினார்கள்.

வீட்டில் கதவைச் சாத்தினார். "என்னடி பண்ணித் தொலைச்ச? அது பர்திலோடதுடி."

"எது?"

"துப்பாக்கி."

"இந்தக் கூரைக்கு அடியில துப்பாக்கி இல்லைன்னு நீங்கதானே நான் சுட்ட ரொட்டி மேல கை வச்சீங்க. இல்லாததை நான் எப்படிக் குடுக்க முடியும்?"

"என் துப்பாக்கி இல்லைன்னுதானே சொன்னேன்? நான் அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்க குடுத்தீங்க. என்னை யாரும் கேக்கல."

"பொம்பளைகிட்ட எவன்டி வாக்குக் கேப்பான்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் தன்னுடையது மாவுத்தொட்டிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பர்தில் மனைவியை அடக்கத் தெரிந்தவன் என்று பல வருடமாக என்னிடம் சொல்லிக் காட்டியவர் அவர். நஸ்மியே கொண்டுவந்தது பர்தில் ஒளித்து வைத்திருந்த இன்னொன்று என்று நினைத்துக்கொண்டார். என் சாக்கைப் பற்றிப் பர்திலும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இரண்டு வீட்டிலும் மரியாதை வழிந்தது. என் கணவர் பர்தில் வீட்டு விறகைப் பிளந்தார். பர்தில் எங்கள் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினார். இவர் வெண்ணெய்க்கட்டி கொடுத்தார், அவர் பிளம்ஸ் சாராயம் கொடுத்தார். "என் பொருளைத் திருப்பிக் கொடு" என்று இருவருமே கேட்கவில்லை. கேட்டால் அவனும் தன்னுடையதைக் கேட்பானே. தெருவில் எதிரே பார்த்தால், யார் முதலில் வழிவிடுவது என்று நின்று நின்று கழுதைகள்தான் பொறுமை இழந்தன.

குழாய் வந்தது. சந்தோஷம் என்றால் வானத்தைப் பார்த்துச் சுடுவது எங்கள் ஊர் வழக்கம். முதல் தண்ணீர் கொட்டியபோது ஆண்களின் கையெல்லாம் தன்னால் மேலே போயிற்று. எல்லாரும் ரொட்டி மேல் சத்தியம் செய்தவர்கள். கை வெறுமனே கீழே வந்தது. நான் வாளியை நிரப்பினேன், கொட்டினேன், மறுபடி நிரப்பினேன். யாரும் திட்டவில்லை.

அந்த வாரம் எங்கள் ஆடு இரண்டு காணாமல் போயின. ஓநாய் என்றார் என் கணவர். நஸ்மியே குழாயடியில் சொன்னாள், "எங்க வீட்டுலயும் ரெண்டு ஆடு, அக்கா. அதே ஓநாய்தான் போல." மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் துப்பாக்கி விற்கிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். முன்பு ஒரு ஆட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஒப்படைப்பு ஆரம்பித்த பிறகு விலை ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பர்தில் எங்கள் வீட்டுக்குப் போர்வை சுற்றிய பொருளோடு வந்தார். என் கணவரும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். நான் காபி வைத்தேன்.

"நீ நம்பிக் குடுத்தது, பர்தில். ஒரு கீறல் இல்லாம இருக்கு."

"உன்னோடதும் அப்படியே இருக்கு, அண்ணே."

இருவரும் பிரித்தார்கள். என் கணவருடைய பழைய துப்பாக்கியின் கட்டை கறுப்பு. வந்தது தேன் நிறம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பர்தில் தன் கையில் இருந்ததை முகர்ந்து பார்த்தார். இருவர் நெற்றியிலும் வியர்வை.

"உன்னோடதுதானே, அண்ணே?"

"என்னோடது எனக்குத் தெரியாதா? உன்னோடது?"

"இதேதான்."

சாராயம் குடித்து, கட்டிப்பிடித்து, கண் கலங்கிப் பிரிந்தார்கள். கட்டிலுக்கு அடியில் மறுபடியும் ஒன்று வந்து படுத்துக்கொண்டது. எனக்கு மறுபடியும் தூக்கம் போயிற்று. இது புதுசு. பழையதைவிட நன்றாகச் சுடும்.

போன வாரம் வெள்ளை வண்டி திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் தெருவிளக்கு போட்டுத் தருவார்களாம். முதலில் எல்லா வீட்டு ஆண்களும் மறுபடி ரொட்டி மேல் கை வைக்க வேண்டுமாம். என் கணவர் வெகுநேரம் மோர்க் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

"எங்கங்க கொண்டு போறீங்க?"

"பர்தில் வீட்டுக்குத்தான்."

"வேற யார்கிட்டயாவது குடுக்கலாமே?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"வேற ஆள்கிட்ட குடுத்தா, ஏன் என்கிட்ட குடுக்கலைன்னு அவன் கேப்பான்டி. நான் என்ன பதில் சொல்றது?"

அவர் படியிறங்கிப் போனார். நான் மாவு கொட்டிவைத்திருந்த சாக்கைக் காலி செய்து, உதறி, வெயிலில் போட்டேன்.