கடைசி லெவலில் இருந்த பெண்

இனிமேல் வயிற்றுவலி மருந்து டப்பாவுக்குப் படம் போடுவதில்லை என்று ஓவியர் முடிவெடுத்துவிட்டார். பதினோரு வருஷமாக அச்சகத்தில் உட்கார்ந்து குடலும் முழங்காலும் வரைந்து சலித்த கை. ஒரு வீடியோ கேம் கம்பெனிக்கு கான்செப்ட் ஆர்ட் வரைய ஆள் தேவையாம். அதாவது, கேம் பிறப்பதற்கு முன்பே அதன் உலகத்தைப் படமாகக் காட்ட வேண்டும். அதற்கொரு பரீட்சை: டி.வி.யில் செருகி ஆடும் பழைய காலத்து கேம் ஒன்றின் கடைசி லெவலை, சதுரம் சதுரமாகத் தெரிகிற அந்தக் காட்சியை, பெரிய ஓவியமாகத் தீட்டி அனுப்ப வேண்டும்.

சின்ன வயதில் வாங்கிய கேம் பெட்டி அவரிடம் பத்திரமாக இருந்தது. ஒரே ஒரு கேசட். கோட்டையைப் பிடிக்கிற ஆட்டம். "இதைப் பத்துத் தடவை முடிச்சிருக்கேன்" என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் அளந்திருந்தார். உண்மையில் ஆறாவது லெவல் பாலத்தை அவர் தாண்டியதே கிடையாது. "நானும் ஒரு ஆட்டம் ஆடட்டுமா?" என்று அவள் ஆசையாகக் கேட்டாள். "இதுக்கெல்லாம் பழக்கம் வேணும்மா" என்று பெட்டியைப் பீரோ மேல் ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

ரகசியமாக மூன்று நாள் லீவு போட்டார். வேலை கிடைத்ததும் சொல்லி அசத்துவதாகத் திட்டம். மனைவி கணக்கு டீச்சர். பகல் ஒரு மணிக்குத்தான் வருவாள். அதுவரை ஆடினார். பாலத்திலிருந்து நாற்பது தடவை விழுந்தார். கோட்டையைப் பிடிக்கப் போனவர் கோட்டை விட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் துணிந்துவிட்டார். தெரியாவிட்டால் என்ன, கற்பனை எதற்கு இருக்கிறது? ஒரு டிராகனை வரைந்தார். டிராகனுக்கு ஏழு தலை. வரைந்தவருக்கு ஒரே தலைவலி. மணி பார்க்க மறந்துபோனார்.

"என்னங்க இது?"

மனைவி கைப்பையோடு பின்னால் நின்றாள்.

"கடைசி லெவல். நம்ம கோட்டை கேம்தான். உனக்கெங்க தெரியப் போகுது?"

"அதுல டிராகனே வராதே."

"வரும்."

"வராதுங்க. ஒரு கதவு இருக்கும். திறந்தா, விளக்கு வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு உக்காந்திருப்பா. 'இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?'ன்னு கேப்பா. அவ்வளவுதான், ஆட்டம் முடிஞ்சிடும்."

தூரிகை அந்தரத்தில் நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு வருஷம் முன்னாடியே முடிச்சிட்டேன். மத்தியானம் தனியா என்ன பண்றது?"

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"ஓடி வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். கடைசியில முடிச்சவங்க பேரு போடற பலகை ஒண்ணு வந்துச்சு. காலியா இருந்துச்சு. பத்துத் தடவை முடிச்ச மனுஷனாச்சே, மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்."

காலில் விழாத குறையாகக் கேட்டார். அவள் ஆடிக் காட்டினாள். பாலத்தில் அவள் ஓடவில்லை. சும்மா நின்றாள். பாலமே அவளிடம் வந்தது. கதவு திறந்தது, விளக்குப் பெண் கேட்டாள், பலகை வந்தது. ஒரே பேர், மேலிருந்து கீழ்வரை இருபது தடவை. எல்லாம் அவள் பேர். இருபது தடவை ஜெயித்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கைதட்ட ஒரு நாதியில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்மா."

"அழுதுடாதீங்க, பெயின்ட் நனையும். வேற தாள் எடுங்க."

அவள் சொல்லச் சொல்ல வரைந்தார்.

"அந்தப் பொண்ணைக் கோவமா வரையாதீங்க. காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போன முகம்."

"அது எப்படிம்மா இருக்கும்?"

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார், பிறகு வரைந்தார்.

பத்து நாள் கழித்து போன் வந்தபோது ஓவியர் குளித்துக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட ஓடி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"படத்தோட யோசனை ரொம்பப் பிடிச்சுதாம். யாரோடதுன்னு கேட்டாங்க. என்னோடதுன்னேன். என்னை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"அப்ப நான்?"

"நான் சொல்றதை வரைய ஒரு ஆள் வேணுமாம். தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க." துண்டை எடுத்து நீட்டினாள். "யோசிச்சுச் சொல்றேன்னிருக்கேன்."