லூசியனின் பால்கனி

எதிர்வீட்டு லூசியன் பால்கனியில் உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்த்தாலே சிவநாதனுக்குத் தன் கையிலிருந்த காப்பி கசந்தது. பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குபவர். கண்ணாடித் தடுப்பு, ஊஞ்சல், தொங்கும் பூச்செடி என்று அமர்க்களமாக வைத்திருந்தார். போதாக்குறைக்கு மனைவி தேவிகா தினமும் வாசல் தெளிக்கும்போது அண்ணாந்து பார்த்து, நமக்கும் ஒன்று இருந்தால் காற்றாட இருக்கும் என்பாள்.

பால்கனி தெருப்பக்கம் துருத்திக்கொண்டிருப்பது ஒருநாள் சிவநாதன் கண்ணில் பட்டது. அன்றைக்கே நெரவி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் போய் நின்றார்.

பொறியாளர் திரிபுரசுந்தரி பொறுமையாக விளக்கினார். விதிமீறலையெல்லாம் உடனே போய் இடிப்பதில்லை. சின்னத் தப்பென்றால் அவர்களையே திருத்திக்கொள்ளச் சொல்வோம். பொதுவழிக்கு இடைஞ்சல் என்றால்தான் நாங்களே இயந்திரத்தோடு வருவோம்.

"இடைஞ்சல்தாங்க. ஆம்புலன்ஸ் நுழையாது" என்றார் சிவநாதன்.

"அப்ப தெரு முழுக்க அளக்கணும். பரவாயில்லையா?"

"தாராளமா அளங்க."

மறுநாள் அளந்தார்கள். டேப் பிடித்தவர் பாலகுரு என்ற ஊழியர். பால்கனியின் கண்ணாடித் தடுப்பு அரையடி வெளியே இருந்தது. சிவநாதனின் போர்ட்டிகோவும் படிக்கட்டும் நாலடி தெருவில் நின்றன.

வேடிக்கை பார்க்கத் தெரு கூடிவிட்டது. லூசியன் இறங்கிப் பொறியாளரிடம் வந்தார். "எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லம்மா. அவர் போர்ட்டிகோவை விட்டுடுங்க" என்று பரிந்து பேசினார்.

அந்தப் பரிவைத்தான் சிவநாதனால் தாங்க முடியவில்லை. யாரும் வந்து இடிக்க வேண்டாம், நானே இடிக்கிறேன், அப்புறம் அவர் பால்கனி எப்படித் தப்புகிறது பார்க்கலாம் என்றார். சொன்னபடியே ஆள் வைத்து இடித்தும்விட்டார். ஸ்கூட்டர் வெயிலில் காய்ந்தது. படியில்லாத வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுத் தேவிகா ஏறி இறங்கினாள். அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

லூசியன் வீட்டில் வேலை ஒரே காலையில் முடிந்தது. கண்ணாடித் தடுப்பை அரையடி உள்ளே தள்ளி வைத்தார்கள். ஊஞ்சல் இருந்த இடத்திலேயே ஆடியது.

அடுத்த வாரம் லூசியன் வாசலில் லாரி நிறையச் செங்கல் வந்து இறங்கியது. இடித்த இடத்தைச் சரிபார்க்க வந்திருந்த பாலகுருவிடம், அரையடி வேலைக்கு எதற்கு இத்தனை கல் என்று சிவநாதன் கேட்டார்.

"அவரோட மூணாவது மாடிக்குங்க. தெரு அகலம் பத்தலன்னு ரெண்டு வருஷமா அனுமதி தராம இருந்து இப்பதான் தந்தோம், உங்க போர்ட்டிகோ மேல ஒரு புகார் குடுங்க, வழி பொறக்கும்னு நாங்களே சொல்லிப் பார்த்தோம், பக்கத்துல இருக்குற மனுஷன் மனசு நோகும்னு கடைசி வரைக்கும் குடுக்கவே இல்ல" என்றார் பாலகுரு.