இன்னாசிமுத்து வாத்தியாரின் கேள்வி

சாக்கடைத் தண்ணீர் வாசல்படி தாண்டி உள்ளே வந்தபோது மணி மூன்று. ஐந்து மணிக்கு ஜெனிஷாவைப் பெண் பார்க்க ஒத்தக்கடையிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனதில் அவள் அம்மா தெரசா பாதியாகியிருந்தாள்.

"மழைக்கு முன்னாடியே வார்டு ஆபீஸ்ல சொல்லுங்கன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்?"

"நான் எழுதிக் குடுத்தேம்மா. ஒருத்தரும் வரல," என்றாள் ஜெனிஷா.

"பாத்தியா? வாட் இஸ் தி யூஸ்?" என்றார் அப்பா இன்னாசிமுத்து.

மிஷன் பள்ளியில் ஆங்கில வாத்தியார். விளாங்குடியில் அவரிடம் இந்தக் கேள்வியை வாங்காத ஆள் கிடையாது. ஓட்டுப் போடக் கூப்பிட்டாலும் இதுதான், பல்வலிக்கு மாத்திரை கொடுத்தாலும் இதுதான். எதைச் செய்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதில் மனிதருக்கு அப்படியொரு உறுதி.

ஆனாலும் மகள் பட்டுச்சேலையோடு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாசலில் மணல்மூட்டை அடுக்கினார். தண்ணீர் குளியலறை ஓட்டை வழியாகப் பொங்கியது. அதில் பழைய வேட்டியைத் திணித்தார். அடுப்படியில் பொங்கியது. தரையில் ஆறவைத்திருந்த கேசரிச் சட்டி மெல்ல மிதந்து கூடத்துக்கு வந்தது.

"அப்பா, இனிமே எதையும் சரி பண்ணாதீங்க," என்றாள் ஜெனிஷா.

போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா.

"தெருமுனை வரைக்கும் வந்துட்டோம் சார். முழங்காலளவு தண்ணி. வீட்ல சகுனம் சரியில்லங்கிறாக. இன்னொரு நாள் பாப்போம்."

இன்னொரு நாள் என்றால் என்னவென்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜெனிஷா தலையிலிருந்த பூவை எடுத்துச் சன்னலில் வைத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் போன் போட்டதில் அடைப்பு எடுக்கும் வண்டி வந்தது. ஊழியர் உக்கிரபாண்டி கேட்டதும் இன்னாசிமுத்து ஸ்கூட்டரை நகர்த்தினார். வேறு யாரும் வாசலில் வண்டி நிறுத்திவிடக் கூடாதென்று அதை எப்போதும் சாக்கடை மூடிமேல்தான் நிறுத்துவார். குழாயை உள்ளே விட்டதும் தெருத் தண்ணீர் மொத்தமும் கொடகொடவென்று இறங்கியது.

"இம்புட்டுதான் வேலையா? இதை முன்னாடியே வந்து செய்யக் கூடாதாய்யா?" என்றார் இன்னாசிமுத்து.

உக்கிரபாண்டி குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"உங்க மக எழுதிக் குடுத்ததுக்குப் போன வாரமே வந்தோமே சார், ஸ்கூட்டரக் கொஞ்சம் நகத்துங்கன்னதுக்கு, நீங்கதான் பேப்பர்லருந்து தலையத் தூக்காம 'வாட் இஸ் தி யூஸ்'னீங்க, வாத்தியாரே சொல்லிட்டாரேன்னு வண்டியத் திருப்பிட்டோம்."