படகு மோட்டாரில் மூலிகை வாசனை

முப்பத்தெட்டாவது தடவையாகக் கயிற்றை இழுத்தார் நாறும்பூநாதன். மோட்டார் ஒருமுறை இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"அண்ணாச்சி, மணி ஒம்பதாவுது. ஆபீசரு பதினோரு மணிக்கு வந்துருவாரு," என்றாள் டிக்கெட் கவுண்டரில் இருந்த பொன்செல்வி.

"தெரியும் தாயி. நீ வேற வெரட்டாத."

ஐந்தருவிப் பக்கத்துப் படகுக் குளத்தில், யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்க ஒரே ஒரு மோட்டார் படகு. அதற்கு டிரைவர் நாறும்பூநாதன். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. மோட்டார் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் நிரந்தரப் பட்டியலில் பெயர் என்று திருநெல்வேலி ஆபீசர் கறாராகச் சொல்லிவிட்டார். மோட்டாரோ, போன சீசன் முடிந்ததிலிருந்து ஷெட்டில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கிய ஆசாமி.

விடிந்ததும் பழைய பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினார். இந்த மோட்டாருக்குப் பெட்ரோலிலேயே ஆயிலையும் கலக்க வேண்டும். ஷெட் மூலையில் இருந்த பாட்டிலை எடுத்து அளந்து கலந்தார். தண்ணீரில்லாமல் ஓட்டினால் சூட்டில் வெந்துபோகுமே என்று பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் மோட்டாரை மாட்டினார். எல்லாம் முறைப்படிதான். ஓடினால்தானே!

மோட்டாரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். எண்ணெய்க் கை. பிளக் வழுக்கி நேராகக் குளத்துக்குள் போய்விட்டது.

"குற்றாலநாதா!" என்று தலையில் கைவைத்தவர், பொன்செல்வியின் பழைய மொபட்டைப் பார்த்தார்.

"ஏ தாயி, ஒன் மொபட்டு பிளக்கக் கழத்திக்கிடட்டா?"

"நான் வீட்டுக்கு எதுல போவேன்?"

"வேல மட்டும் நிரந்தரமாவட்டும், ஒன்னத் தூக்கிட்டே போயி விடுதேன்."

"என் வீட்டுக்காரரு சும்மா விட்டுருவாரு!"

மொபட் பிளக் பொருந்தியது. கயிற்றை இழுத்தார். டமார்! மோட்டார் கியரில் கிடந்ததை மனுஷன் கவனிக்கவில்லை. மோட்டாரின் அடியில் இருந்த விசிறி சுற்றிய வேகத்தில் டிரம் தண்ணீர் எழும்பி, டிக்கெட் கவுண்டருக்குள் போய் விழுந்தது. டிரம் உருண்டது. மோட்டார் நின்றது. டிக்கெட் புத்தகங்களோடு பொன்செல்வி சொட்டச் சொட்ட வெளியே வந்தாள்.

திட்ட வாயெடுத்தவள் மூக்கை உறிஞ்சினாள். "என்ன அண்ணாச்சி, பொகை இப்படி மணக்குது?"

அவரும் மோந்து பார்த்தார். வெட்டிவேர், கருஞ்சீரகம்! அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குத் தேய்த்துவிடும் மூலிகை எண்ணெய் வாசனை. மசாஜ் போடும் தளவாயும் தன் சாமான்களை இதே ஷெட்டில்தான் வைப்பான். அவன் எண்ணெயும் இவர் ஆயிலும் இருப்பது பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில், இரண்டுமே பச்சை நிறம்.

"அடப்பாவி! மோட்டாருக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டிருக்கேனே!"

டேங்கை வடித்தார், கார்பரேட்டரைக் கழுவினார். மறுபடி கலக்க ஆயிலுக்கு எங்கே போவது? மொபட் டேங்கில் ஆயில் கலந்த பெட்ரோல்தானே இருக்கும்! அதையும் உருவினார். பொன்செல்வி நனைந்த டிக்கெட் புத்தகங்களை வெயிலில் விரித்து வைத்தாள்.

பத்து ஐம்பதுக்கு மோட்டாரைப் படகில் ஏற்றி ஒரே இழுப்பு. ஓடியது! என்னமாய் ஓடியது! நாறும்பூநாதனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒன்பது வருஷம் வீண் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தளவாய் ஓடிவந்தான், கையில் பச்சைப் பாட்டில்.

"அண்ணாச்சி, மோசம் போயிட்டேன்! காலையில இருட்டுல ஒங்க ஆயிலத் தூக்கிட்டுப் போயி, ஒம்பது மணி வாக்குல ஒருத்தருக்கு உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் தேச்சுட்டேன். எனக்கு ஜலதோசம், வாடையே தெரியல. ஒரு மணி நேரம் அருவியில நின்னும் போவல. பச்சப் பசேல்னு நிக்காரு!"

நாறும்பூநாதனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விடுலே. யாரு பெத்த புள்ளயோ! இனி அந்தாளுக்கு மூட்டெல்லாம் ஜம்முனு ஓடும்."

தளவாய் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"'சீக்கிரம் தேய்யா, பதினோரு மணிக்குப் படகு மோட்டாரப் பாக்கப் போவணும்'னு சொன்ன ஆளுல்லா அண்ணாச்சி அவரு!"